முடிவு தெரிந்த பின்னும்

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாடலோ கம்பனோ மேடைக்கு வரும். மிஞ்சிப்போனால் மணிக்கொடிக் காலத்துச் சிறுகதை வரும். ரயிலேறும்போது வாங்கி, இறங்குவதற்குள் படித்து முடிக்கிற நாவலுக்கு அந்த மரியாதை வாய்ப்பதில்லை. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஆங்கிலத்தில் மிகுதியாக விற்ற புனைகதைகளை வரிசைப்படுத்தினால், பரிசு வாங்கியவை அங்கே அரிதாகத்தான் தட்டுப்படும். மனைவி காணாமல் போகிற கதையும், சண்டை போட்டுக்கொண்டே இருவர் காதலில் விழுகிற கதையும்தான் முன்னால் நிற்கும். இந்த உரை அவற்றைப் பற்றி ஒரு வாசகர் சொல்லும் தீர்ப்பு. அவர் காசு கொடுத்து வாங்குகிறவர், ராத்திரி கண்விழித்துப் படிக்கிறவர், பிடிக்காவிட்டால் பாதியில் மூடி வைக்கவும் தயங்காதவர். அவர் எல்லாப் புத்தகத்திடமும் கேட்பது ஒரே கேள்வி: முடிவு தெரிந்தாகிவிட்டது, இனி உன்னிடம் என்ன மிச்சம்?

ஆகவே இங்கே முடிவுகள் வெளிப்படையாகச் சொல்லப்படும். இன்னும் படிக்காதவர்கள் கோபித்துக்கொள்ள முழு உரிமை உண்டு.

காதல் நாவலும் மர்ம நாவலும் முடிவு விஷயத்தில் நேர் எதிரான வாக்குறுதி தருபவை. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் தன் வகைக்கு இரண்டே இலக்கணம் வகுத்திருந்தது: காதல் கதையின் நடுவே இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். மர்ம நாவலோ முடிவை மறைத்து வைத்துக் காசாக்குவது. மறைப்பதற்கும் நெறி உண்டு என்று 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் பத்துக் கட்டளைகளே எழுதினார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் எல்லாம் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1926இல், கதை சொல்பவனையே கொலைகாரனாக்கி அகதா கிறிஸ்டி எழுதிய ரோஜர் அக்ராய்டு நாவல் பெரிய விவாதத்தைக் கிளப்பியிருந்தது.

வாசகர்கள் இந்தக் கட்டளைகளைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. காதல் நாவல் படிக்கும் அமெரிக்கப் பெண்களிடம் நேரில் பேசி ஜானிஸ் ராட்வே எழுதிய ஆய்வு நூல் 1984இல் வந்தது. கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கும் பெண்கள் அதில் வருகிறார்கள். சோகமாக முடியும் கதைக்கு வீட்டிலேயே இடம் இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வேறு வாங்குவானேன் என்ற கணக்குப் போலும். 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் நடத்திய சோதனை இன்னும் சுவாரசியமானது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சொல்லாமல் கொடுத்ததைவிடச் சொல்லிக் கொடுத்தபோதுதான் வாசகர்களுக்கு அதிகம் பிடித்தது. துப்பறியும் கதைகளிலும் அதே கதைதான்.

முடிவு தெரிந்தபின் என்ன மிச்சம் என்ற கேள்வியோடு முதலில் எடுக்க வேண்டியது கில்லியன் ஃபிளின் 2012இல் எழுதிய 'கான் கேர்ள்'. ஐந்தாவது திருமண நாளன்று ஏமி காணாமல் போகிறாள். கணவன் நிக் சொல்லும் நிகழ்காலமும், ஏமியின் நாட்குறிப்பு சொல்லும் கடந்தகாலமும் மாறி மாறி வருகின்றன. பாதிப் புத்தகம் தாண்டியதும் நாட்குறிப்பே இட்டுக்கட்டியது என்று தெரிகிறது. கணவனைக் கொலைப்பழியில் மாட்டிவிட அவள் உட்கார்ந்து எழுதியது அது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால் நாவல் இளைப்பதில்லை. நாட்குறிப்பின் கொஞ்சலும் செல்லக் கோபமும் இப்போது ஒரு பெண் கவனமாகத் தீட்டிய வேடமாகத் தெரிகின்றன. முதல் தடவை நாம் அதில் எவ்வளவு எளிதாக ஏமாந்தோம் என்பது புரிகிறது. அதற்கு அடியில் இன்னொரு கதையும் ஓடுகிறது. நிக்கும் ஏமியும் நியூயார்க்கில் பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தவர்கள். பொருளாதார மந்தத்தில் இருவருக்கும் வேலை போகிறது. நிக்கின் தாயார் நோய்வாய்ப்பட, மிசூரி மாநிலத்துச் சிற்றூருக்குக் குடிபோகிறார்கள். அங்கே மனைவி பணத்தில் நிக் மதுக்கடை திறக்கிறான். ஃபிளினும் பத்திரிகை வேலையை ஆட்குறைப்பில் இழந்தவர்தான். பணம் வற்றிய வீட்டில் அன்பு எந்த வேகத்தில் வற்றும் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன குடும்ப நாவல்கள் குறைவு.

முடிவுதான் அதைவிடக் குரூரம். ஏமி திரும்பி வருகிறாள், கர்ப்பமாகிறாள், நிக் அவளோடு தங்கிவிடுகிறான். தம்பதி சேர்ந்தாயிற்று, குழந்தை வரப்போகிறது. காதல் நாவலின் மங்கள முடிவுக்கு உருவத்தில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருப்பது பயம் மட்டும்.

பாலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் த ட்ரெயின்' 2015இல் வந்தது. குடியால் வேலையை இழந்த ரேச்சல், அந்தச் செய்தியை மறைக்கத் தினமும் லண்டனுக்கு ரயிலேறிப் போய்வருகிறாள். வழியில் அவள் வாழ்ந்த வீடும், அதில் இப்போது வேறொருத்தியோடு வாழும் முன்னாள் கணவனும் ஜன்னலில் தெரிகிறார்கள். இதை எழுதுவதற்கு முன் ஹாக்கின்ஸ், ஏமி சில்வர் என்ற புனைபெயரில் இலகுவான காதல் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் என்பது பலருக்கும் தெரியாது. காதல் நாவலின் அதே பாத்திரங்களை, பத்து வருடம் கழித்து, கல்யாணம் முறிந்த பிறகு போய்ப் பார்த்த மாதிரி இருக்கிறது இந்த நாவல். குடிபோதையில் தான் செய்ததாகக் கணவன் சொன்னதையெல்லாம் ரேச்சல் நம்பி வந்திருக்கிறாள். அவன் சொன்னவை பொய்கள் என்பதே கதையின் உண்மையான திருப்பம். கதையில் நடக்கும் கொலையைச் செய்தவன் யார் என்பதைவிட இது ஆழமாக உறைக்கிறது. இடைப்பகுதி தளர்வுதான், கதை சொல்லும் மூன்று பெண்களின் குரலும் ஒன்றுபோல் ஒலிப்பதும் உண்மைதான். ஆனாலும் ரேச்சல் நிற்கிறாள்.

நிற்காத நாவலுக்கு உதாரணம் அலெக்ஸ் மைக்கேலிடிஸின் 'தி சைலன்ட் பேஷன்ட்' (2019). ஓவியர் அலிசியா கணவனைச் சுட்டுவிட்டு வாயே திறக்காமல் மனநலக் காப்பகத்தில் இருக்கிறாள். சாவிலிருந்து மீண்டு வந்தும் பேசாதிருக்கும் அல்செஸ்டிஸின் கிரேக்க நாடகக் கதையைப் பின்னணியில் வைத்தது அருமையான யோசனை. ஆனால் திருப்பம் எதை நம்பி இருக்கிறது? வெவ்வேறு காலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சி வரிசைகளை, ஒரே காலத்தில் நடப்பதுபோல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியதை. முதல் வாசிப்பில் தூக்கிப் போடத்தான் செய்கிறது. தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், நடுவில் சந்தேகப்படும்படி நடந்துகொண்ட உறவினரும் மருத்துவரும் நம் கண்ணைத் திசைதிருப்ப மட்டுமே வந்து போனவர்கள் என்று தெரிகிறது. அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை இல்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, இதெல்லாம் எங்களுக்குப் பழசு என்று சொன்னால் மறுக்க முடியாது. தொடர்பே இல்லாததுபோல் இரண்டு தடங்களை அத்தியாயம் மாற்றி அத்தியாயம் ஓட்டி, கடைசியில் மோதவிடுவது கோயம்புத்தூர் ராஜேஷ்குமாரின் கைவந்த கலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். காதலையும் கொலையையும் தனித்தனி அலமாரியில் வைக்கும் வழக்கமும் நம் பாக்கெட் நாவலில் இருந்ததில்லை. ராஜேஷ்குமாருக்கு விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகருக்குப் பரத்–சுசீலா, சுபாவுக்கு நரேந்திரன்–வைஜயந்தி என்று ஜோடி ஜோடியாகத்தான் துப்பறிந்தார்கள். பரத் சுசீலாவைச் சீண்டுவதைப் படிக்கவே வாங்கியவர்கள் உண்டு. கொலைகாரன் யார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஆனால் ஒரு வித்தியாசம். நம் நாவல்களில் குற்றம் பெரும்பாலும் வெளியே நடந்தது, ஜோடி அதைத் துரத்திக்கொண்டு போனது. ஃபிளினுக்குப் பின் வந்தவர்களிடம் ஜோடியே குற்றம்.

அந்த வரிசையில் இப்போது முன்னணியில் இருப்பவர் ஃபிரீடா மெக்ஃபேடன். புனைபெயர், தொழிலால் மூளைக்காயங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர். சொந்தமாக நூல்களை வெளியிட்டுத் தொடங்கியவர், 2022இல் வந்த 'தி ஹவுஸ்மெய்ட்' மூலம் எங்கும் பேசப்பட்டார். 2025இல் அது திரைப்படமாகவும் வந்தது. சிறையிலிருந்து வந்து, காரிலேயே தூங்கும் மில்லிக்கு லாங் ஐலண்டில் வசதியான வீட்டில் வேலை கிடைக்கிறது. மொட்டைமாடிக்குக் கீழுள்ள குட்டி அறை அவளுக்கு. அதன் கதவு வெளியிலிருந்து மட்டுமே பூட்டக்கூடியது. எஜமானி நினா பைத்தியக்காரிபோல் நடந்துகொள்கிறாள், எஜமானர் ஆண்ட்ரூ தங்கமானவர். பாதிக்கு மேல் நினா பேசத் தொடங்குகிறாள். தங்கமானவர்தான் அந்த அறையில் மனைவியை அடைத்து வைத்தவர்.

மொழி மெலிந்தது, வாக்கியங்கள் அவசரமானவை, ஆண்ட்ரூவின் கொடுமைகள் நாடகத்தனமானவை. ஆனாலும் முடிவு தெரிந்தபின் ஒன்று மிச்சமிருக்கிறது: வேலை வேண்டுமே என்று அந்தப் பூட்டைப் பார்த்தும் பாராததுபோல் மில்லி இருந்துவிடுவது. குற்றவாளி என்ற முத்திரை விழுந்தவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? திருப்பங்களைவிட இந்த ஏழ்மைதான் கதையை நம்பவைக்கிறது. ஆசிரியருக்கே அது தெரியுமா என்பது சந்தேகம். அடுத்த அதிர்ச்சிக்கு ஓடும் அவசரத்தில் அவர் அங்கே நிற்பதே இல்லை.

காதல் பக்கம் வந்தால் காலீன் ஹூவரைத் தவிர்க்க முடியாது. டெக்சாஸில் சமூகப் பணியாளராக இருந்தவர், 2012இல் முதல் நாவலைத் தாமே வெளியிட்டார். 2016இல் வந்த 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' அப்போது ஓரளவு விற்று, சில ஆண்டுகள் கழித்து டிக்டாக்கில் இளம்பெண்கள் அழுதுகொண்டே பரிந்துரைத்தபோதுதான் வெள்ளமாகப் பெருகியது. பாஸ்டனில் பூக்கடை வைத்திருக்கும் லில்லி, நரம்பியல் அறுவை மருத்துவர் ரைலைக் காதலித்து மணக்கிறாள். அவன் அடிக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். மறுபடி அடிக்கிறான். மகள் பிறந்ததும் அவள் விலகுகிறாள். தம் தாயாரின் வாழ்க்கையே இதற்கு வித்து என்று ஹூவர் நூலின் இறுதியில் எழுதியிருக்கிறார்.

நகைச்சுவை சில இடங்களில் பள்ளிக்கூடத் தரம். கதாநாயகிக்கு லில்லி பிளாஸம் ப்ளூம் என்று பெயர் வைத்து அவளைப் பூக்கடையிலும் உட்காரவைத்தது திகட்டுகிறது. பழைய காதலன் அட்லஸ் வெற்றிகரமான உணவகம் நடத்திக்கொண்டு தயாராகக் காத்திருப்பது, கணவனை விட்டு வரும் பெண்ணுக்கு ஆசிரியர் போட்டுத் தந்த மெத்தை. நிஜத்தில் அப்படி வந்தவர்களுக்கு அது கிடைப்பதில்லை. இத்தனை குறைகளையும் தாண்டி இந்த நாவல் சோதனையில் தேறுகிறது. காரணம் முதல் அத்தியாயம். மொட்டைமாடியில் ரைல் முதன்முதலாக வரும்போதே ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்துக்கொண்டுதான் வருகிறான். முதல் வாசிப்பில் அது ஒரு அழகனின் கோபம். காதல் நாவலில் கதாநாயகனுக்கு அனுமதிக்கப்பட்ட, ரசிக்கவும் படுகிற கோபம். இரண்டாவது வாசிப்பில் வயிற்றைப் பிசைகிறது. லில்லி ஏன் உடனே வெளியேறவில்லை என்று கேட்கிற வாசகி, தானும் அந்த நாற்காலியை மன்னித்தவள்தான்.

இந்த நாவலுக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று வரும் என்று 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். குடும்ப வன்முறைக் கதைக்குக் கலர் பென்சிலா என்று எதிர்ப்புக் கிளம்ப, ஹூவர் மன்னிப்புக் கேட்டார், திட்டமும் கைவிடப்பட்டது. நல்லது.

எமிலி ஹென்றி வேறு ரகம். அவரிடம் முடிவு ரகசியமே அல்ல. தமிழில் ரமணிசந்திரனின் காதல் நாவலை வாங்குகிறவர், கடைசியில் இருவரும் சேர்வார்களா என்று பதறியா வாங்குகிறார்? எப்படிச் சேர்வார்கள் என்பதில்தான் கண். 'பீச் ரீட்' (2020) கதாநாயகி காதல் நாவல் எழுதுபவள். இறந்துபோன தந்தைக்கு இன்னொருத்தி இருந்தது தெரிந்தபின் இனிய முடிவு எழுத அவளுக்குக் கை வரவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருப்பவனோ சோக முடிவே எழுதும் இலக்கியக்காரன். ஒருவர் வகையை மற்றவர் எழுதிப் பார்ப்பதாகப் பந்தயம். 2022இல் வந்த 'புக் லவர்ஸ்' அதைவிட முதிர்ந்தது. நகரத்துக் காதலியைக் கழற்றிவிட்டுக் கதாநாயகன் கிராமத்துப் பெண்ணை மணக்கிற கதைகள் அமெரிக்காவில் மலிவு. கழற்றிவிடப்பட்ட அந்த நகரத்துப் பெண்ணைத்தான் ஹென்றி நாயகியாக்குகிறார்: நூல் முகவர் நோரா, வேலைப் பித்து, குதிகால் உயர்ந்த செருப்பு, யாரிடமும் இறங்கிப் போகாதவள். காதலுக்காக அவள் நியூயார்க்கை விட்டுக்கொடுப்பதும் இல்லை. தாய் போனபின் தங்கையைத் தாயாக நின்று வளர்த்தவள் என்பதால், அந்தத் தங்கையோடு வரும் மனத்தாங்கல் காதல் காட்சிகளைவிடப் பலமாக நிற்கிறது. மறுபடி படிக்கிற வாசகர் புரட்டிப் போவது அந்தப் பக்கங்களைத்தான்.

இரண்டு வகையும் ஒரே கூரையின் கீழ் வந்த நாவல் ஒன்று மீதம் இருக்கிறது: ஹூவர் 2018இல் தாமே வெளியிட்ட 'வெரிட்டி'. கடனில் தவிக்கும் எழுத்தாளர் லோவன், விபத்துக்குப் பின் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புகழ்பெற்ற எழுத்தாளர் வெரிட்டியின் தொடரை முடித்துத் தர அவர் வீட்டுக்கே வந்து தங்குகிறாள். அங்கே வெரிட்டியின் ரகசிய சுயசரிதை கிடைக்கிறது; பெற்ற மகளையே கொன்றதாக ஒப்புதல். லோவனுக்கு வெரிட்டியின் கணவன் மேல் காதலும் வருகிறது. முதல் மனைவியின் நிழல் கவிந்த வீட்டுக்குள் வரும் புதிய பெண் என்ற அமைப்பு, டாஃப்னே டு மாரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா'வின் நேர் வாரிசு. லோவனும் கணவனும் சேர்ந்து வெரிட்டியைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு ஒரு கடிதம் கிடைக்கிறது. அந்தச் சுயசரிதை வெறும் எழுத்துப் பயிற்சி, கெட்டவளின் மனத்துக்குள் புகுந்து எழுதிப் பார்த்தது என்கிறது கடிதம். கர்ப்பிணியான லோவன் அதைக் கிழித்து அழிக்கிறாள்.

சுயசரிதை உண்மையா, கடிதம் உண்மையா என்று வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்னும் வாதாடுகிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டாலும் கெடாத முடிவு இது. சொல்வதற்கு உறுதியான ஒன்று இல்லையே. லோவனுக்கு எது வசதியோ அதை அவள் நம்புகிறாள், அந்த வசதி அவளுக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது தெளிவாகவே தெரிகிறது. பின்னால் வந்த சிறப்புப் பதிப்பில் ஹூவர் கூடுதலாக ஓர் அத்தியாயம் சேர்த்தார். அட்டை அழகாக இருக்கிறது என்று அந்தப் பதிப்பை வாங்குகிறவர்கள் வாங்கலாம். அந்த அத்தியாயம் இல்லாத பழைய பதிப்பே போதும் என்பது இந்த வாசகரின் கட்சி.