பண்டத்தரிப்பில் ஒரு தாயின் ஜெபம்

1819இல் அமெரிக்காவின் பொஸ்டனிலிருந்து கப்பலேறிய மிஷனரி மருத்துவர் ஜோன் ஸ்கடருக்கும் மனைவி ஹரியட்டுக்கும் இலங்கை வந்து சேருமுன்னே பேரிடி. அவர்களுடைய சிறு மகள் கல்கத்தாவில் இறந்துபோனாள்.

ஊர் திரும்பியிருந்தாலும் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஆனால் அவர்கள் 1820இல் இலங்கையிலுள்ள பண்டத்தரிப்புக்கு வந்தார்கள். ஜோன் நோயாளிகளைப் பார்த்தார்.

ஹரியட்டின் ஆறுதல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் அவர் ஜெபத்தில் கழித்தார் என்று குடும்பத்தார் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தொட்டிலருகே, அடுப்படியில், அந்த அன்றாட வேலைகளுக்கு நடுவிலும் கடவுள் கூடவே இருக்கிறார் என்ற உணர்வில்லாமல் இப்படியொரு வழக்கம் ஆண்டுக்கணக்கில் நிலைத்திருக்குமா?

அவர்களுடைய ஆண்மக்களில் ஏழு பேர் மிஷனரிகளானார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர், ஹரியட்டின் பேத்தி.