காட்டுத்தீக் காலம்: வருமுன் காப்போம்

(கோடைத் தொடக்கத்தில் நம் ஜமாஅத் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பிறந்த மண்ணில் ஐப்பசி பிறக்குமுன் கூரையைச் செப்பனிட்டு, வாய்க்காலைத் தூர்வாரிப் பழகியவர்கள் நாம். குடியேறி வாழும் இந்த விக்டோரியா மாநிலத்திலோ மழையைவிட அஞ்சத்தக்கது கோடைத் தீ. அதற்கான ஆயத்தத்தை நம்மில் பலர் இன்னும் பழகவில்லை.

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. மெல்பர்னில் வெப்பம் 46.4 பாகையைத் தொட்டது. வடக்கிலிருந்து வீசிய அனற்காற்று மாலையில் தென்மேற்குக் காற்றாக மாறியபோது, தீயின் நீண்ட பக்கவாட்டுப் பகுதியே புதிய முகப்பாயிற்று. கிங்லேக், மேரிஸ்வில் முதலிய ஊர்கள் அழிந்தன. 173 உயிர்கள் பறிபோயின. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. இறந்தோரில் பெரும்பாலோர் வீடுகளுக்குள்ளேயே மாண்டனர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி. 2019 டிசம்பர் 31 அன்று மல்லக்கூட்டா ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரையில் தஞ்சம் புகுந்ததையும் நாம் அறிவோம்.

'நாம் காட்டிலா வசிக்கிறோம்?' எனச் சிலர் கேட்கின்றனர். நம் புறநகர்களை ஒட்டிக் காய்ந்த புல்வெளிகள் உள்ளன. புல்தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பாயவல்லது. மேலும், காற்றில் பறந்துவரும் கங்குகள்தாம் பெரும்பாலான வீடுகளை எரிக்கின்றன. ஆதலின் கங்கு தங்குமிடங்களை ஒழிப்பதே முதற்பணி. மழைநீர்த் தாரைகளில் கிடக்கும் சருகுகளை அகற்றுங்கள். புல்லை 10 சென்டிமீட்டருக்குக் கீழாக வெட்டி வையுங்கள். கூரைமேல் தொங்கும் கிளைகளைக் கழியுங்கள். விறகு, அட்டைப்பெட்டி, கால்மிதி ஆகியவற்றைச் சுவரோரத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய உலோக வலையடியுங்கள். எரிவாயு உருளையின் வால்வு வீட்டை நோக்கி இராதவாறு திருப்பி வையுங்கள்.

அடுத்தது குடும்பம். சென்ற கோடையில் நம் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். 'இப்போதே புறப்பட வேண்டுமெனில் எதை எடுப்போம்?' என்று கேட்டோம். கடவுச்சீட்டுகள் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. மாமியாரின் மருந்துச் சீட்டு நம்மிடம் இல்லை. பிள்ளைகளை எங்கே சந்திப்பது என்றும் பேசிவைக்கவில்லை. அறிவுரை கூறும் நாமே ஆயத்தமின்றி இருந்தமைக்கு வெட்கினோம். அன்றே ஒரு தாளில் எழுதினோம்: எப்போது புறப்படுவது, எவ்வழி செல்வது, அவ்வழி அடைபட்டால் மாற்றுவழி எது, எவர் வீட்டில் தங்குவது. ஆவணம், மருந்து, குடிநீர், பேட்டரி வானொலி, பருத்தி ஆடை, உறுதியான காலணி ஆகியவற்றை ஒரு பையில் வைத்தோம். செயற்கை இழை ஆடை வெப்பத்தில் உருகி உடலில் ஒட்டும். அதைத் தவிர்க்க வேண்டும்.

2022 செப்டம்பர் முதல் தீ அபாயம் நாடெங்கும் நான்கு நிலைகளாக அறிவிக்கப்படுகிறது: மிதம், உயர்வு, அதீதம், பேரழிவு. பேரழிவு நிலை அறிவிக்கப்பட்டால், புகையைக் காணும்வரை காத்திராமல், முந்தைய இரவிலோ அதிகாலையிலோ ஆபத்துப் பகுதியை விட்டு வெளியேறுவதே பாதுகாப்பு. தாமதித்துப் புறப்படுவோர் புகை சூழ்ந்த சாலையில் சிக்கி மாள நேரிடும். விக்எமர்ஜென்சி செயலியைக் கைப்பேசியில் பதித்துக்கொள்ளுங்கள். அதன் தொலைபேசி எண் 1800 226 226. உயிராபத்தில் 000. ஆங்கிலம் அறியாத தாய்மார்கள் 131 450 என்னும் மொழிபெயர்ப்புச் சேவையின் துணையை நாடலாம். மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழக்கக்கூடும். செயலியை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

இன்னொன்றையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். வரும் சில ஆண்டுகளில் ரமலான் மாதம் இக்கோடைக்குள்ளேயே அமைகிறது. நோன்புடன் புறப்பட நேருமே என்று எவரும் தயங்க வேண்டா. பயணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. விட்ட நோன்பைப் பின்னர் நிறைவேற்றலாம். உயிரச்சம் ஜும்ஆவுக்கு வராதிருக்கத் தகுந்த காரணமாகும். ஆபத்தான நாளில் பள்ளிவாசலுக்கு வராமல் குடும்பத்தைக் காத்தவர் எவ்விதக் குற்ற உணர்வும் கொள்ளத் தேவையில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தனித்து வாழும் முதியோரும், வாகனமற்றோரும், கணவர் வெளியூரில் இருக்கும் சகோதரிகளும் நம் ஜமாஅத்தில் உள்ளனர். நம் தெருவில் அத்தகையோர் யார் என்பதை இவ்வாரமே அறிந்து, அபாய நாளில் அவர்களை அழைத்துச் செல்வது யார் பொறுப்பு என்று முடிவு செய்வோம். அவர்கள் முஸ்லிமா அல்லரா என்று பாராது அண்டை வீட்டாரின் கதவையும் தட்டுவோம்.

ஆயத்தம் செய்தபின் இறைவனைச் சார்ந்திருப்பதே முறையான தவக்குல். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.