நெஞ்சு வலின்னா சோடா வேண்டாம், 108க்கு கூப்பிடுங்க
(தொகுதி ஐ.டி. விங் பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)



இன்னிக்கு ஹேஷ்டேக் பத்திப் பேசப் போறதில்லை. உங்க பூத் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. "தனியா இருக்கும்போது மாரடைப்பு வந்தா பலமா இருமுங்க, பிழைச்சுக்கலாம்"னு ஒரு ஃபார்வர்ட் எங்கேயாவது கிடக்கும். அமெரிக்க இதய சங்கமே இதைப் பரிந்துரைக்கலை. இருமுற நேரத்துல 108க்கு கூப்பிட்டுடலாம்.

போன மாசம் நம்ம வட்டத்துல நடந்தது இது. தெருமுனைக் கூட்டம் முடிச்சு வீட்டுக்குப் போன அண்ணன் ஒருத்தர், வயசு 44. ராத்திரி 11 மணிக்கு நெஞ்சுல பாரம், இடது கை கனம், சட்டை நனையுற வேர்வை. "பரோட்டா சாப்பிட்டது, கேஸ்தான்"னு சோடா வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார். அண்ணி சோடா வாங்கப் போகலை, 108க்கு போன் போட்டாங்க. அடுத்த போன் எங்களுக்கு.

அரசு மருத்துவமனையில முதல் ஈசிஜி நார்மல். அண்ணன் உடனே செருப்பைத் தேடுறார். டியூட்டி டாக்டர் விடலை. இதயத் தசை பாதிக்கப்பட்டா ட்ரோபோனின்னு ஒரு புரதம் ரத்தத்துல கசியும். டெஸ்ட்ல தெரியுற அளவுக்கு அது ஏற சில மணி நேரம் ஆகலாம். அதனால வந்ததும் ஒரு தடவை, அப்புறம் நடுராத்திரி தாண்டி இன்னொரு தடவை ரத்தம் எடுத்தாங்க. விடிய விடிய நாங்க 4 பேர் வராண்டாவுல. இரண்டாவது ரிசல்ட்டும் நார்மல். ஆனா சுகர் 290! அவருக்கு சுகர் இருக்கிறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

மறுநாள் குரூப்ல "கேஸுக்கு ஆம்புலன்ஸா?"ன்னு சிரிப்பு ஸ்டிக்கர். எனக்குக் கோபமே வந்துடுச்சு. இந்தக் கிண்டலுக்குப் பயந்துதான் அடுத்த ஆள் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்துடுவார். சர்க்கரை உள்ளவங்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். பெண்களுக்கு மூச்சு வாங்குறது, தாடை வலி, வாந்தின்னு வரலாம்.

108 சேவை 2008ல கலைஞர் ஆட்சியில வந்தது. 2023ல நம்ம ஆட்சியில தொடங்கின இதயம் காப்போம் திட்டத்துல, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் முதல் டோஸ் கொடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. அதுக்காக மாத்திரை பேரை எழுதி வெச்சு வீட்டுல நீங்களா போட்டுக்காதீங்க. நெஞ்சு வலிக்கு வேற காரணம் இருந்தா அதே மாத்திரை ஆபத்தாகலாம்.

இன்னிக்கு ராத்திரிக்குள்ள அந்த இருமல் ஃபார்வர்டை டெலீட் பண்ணுங்க. உங்க வார்டு பக்கத்துல ராத்திரியிலயும் ஈசிஜி எடுக்கிற அரசு மருத்துவமனை எதுன்னு நேர்ல போய் விசாரிச்சு, குரூப்ல பின் பண்ணுங்க. ஸ்கிரீன்ஷாட் எனக்கு வரணும்.