மலையோடை வெள்ளமும் எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரமும்
(உரையின் எழுத்து வடிவம்)

2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, லடாக்கின் லே நகரைச் சூழ்ந்த மலைச் சரிவுகளில் இடியுடன் பெருமழை கொட்டியது. ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழையே காணும் குளிர்ப் பாலைநிலம் அது. பச்சை மண்கல் சுவர்களும் தட்டையான மண் கூரைகளும் கொண்ட வீடுகள், பெருமழையை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. சேற்றையும் பாறைகளையும் சுமந்து வந்த ஓடைகள் சோக்லம்சர் குடியிருப்பைச் சிதைத்தன. பேருந்து நிலையமும் மருத்துவமனையும் பாழாயின. தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிற்று. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் நகரிலிருந்த மழைமானியில் அன்று பதிவான மழை 12.8 மில்லிமீட்டர் மட்டுமே!

திடீர் வெள்ளத்தைப் பற்றிய எச்சரிக்கை ஏன் கடினமானது என்பதை இந்த ஒரு எண்ணே உணர்த்திவிடும். மேகவெடிப்பு என்பது 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை. இரு மழைமானிகளுக்கு இடையே அது பெய்து ஓய்ந்துவிடக்கூடும்.

பேராறுகளின் நிலை வேறு. 1958ஆம் ஆண்டு தில்லியில் யமுனையின் பழைய ரயில் பாலத்தருகே வெள்ள முன்னறிவிப்புப் பணி தொடங்கப்பெற்றது. மேல்நிலையங்களில் நீர்மட்டம் உயர்வதைக் கண்டு கீழுள்ள ஊருக்குச் சொல்ல, அங்கே போதிய அவகாசம் உண்டு. மலையோடையிலோ மழைக்கும் வெள்ளத்திற்கும் இடையே சில மணி நேரமே இருக்கும். சில வேளைகளில் அதுவும் இராது. ஆகவே நீர்மட்டத்தைப் பார்த்திருப்பது போதாது. மண் எவ்வளவு ஈரமாயிருக்கிறது, இன்னும் எவ்வளவு மழையை அது தாங்கும் என்பதையும் கணித்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டு அக்டோபரில் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கிய தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு இக்கணிப்பையே செய்கிறது. அபாயம் நேரக்கூடிய சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 24 மணி நேரம் முன்னும், அச்சுறுத்தல் நெருங்கியுள்ளவற்றை 6 மணி நேரம் முன்னும் அது சுட்டுகிறது. இந்தியாவுடன் நேபாளம், பூட்டான், வங்காளதேசம், இலங்கை ஆகிய நாடுகளும் இதனால் பயன்பெறுகின்றன.

எனினும், அந்த 6 மணி நேரம் யாருடையது? செய்தி மாவட்டத் தலைநகரை அடைந்து, கோப்பில் ஏறி, மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருந்தால், ஓடைக்கரையில் உறங்குபவனுக்கு அதில் எஞ்சுவது என்ன? சிவப்பு நிற எச்சரிக்கையின் பொருள் உடனே செயற்படுக என்பது. மறு ஆணைக்காகக் காத்திருக்க என்பதன்று. இரவில் எந்த வீட்டுக் கதவை யார் தட்டுவது, மின்சாரமும் தொலைபேசியும் அற்றால் எந்த மணியை ஒலிப்பது என்பவை மழைக்காலத்திற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டியவை. பல திட்டங்களில் வரைபடம் இருக்கிறது; கதவு தட்டும் ஆளின் பெயர் இருப்பதில்லை.

எச்சரிக்கை வந்து சேராத இடத்தில் ஓடையே அறிவிக்கும். நீர் திடீரெனக் கலங்குவதும், மேலிருந்து உறுமல் கேட்பதும், மழை பெய்யும்போதே நீர்வரத்து குறைவதும் அபாயக் குறிகள். கடைசியாகச் சொன்னதே பலரை ஏமாற்றுவது. மேலே மண் சரிந்து நீரைத் தேக்கியிருக்கலாம். அப்போது ஓடை வழியே கீழ்நோக்கி ஓடாது, பக்கவாட்டில் மேட்டிற்கு ஏற வேண்டும். ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருப்பினும் வளர்ந்த ஆளை வீழ்த்தவல்லது. 60 சென்டிமீட்டரில் பெரும்பாலான வாகனங்கள் அடித்துச் செல்லப்படும். மூழ்கிய தரைப்பாலத்தைக் கடக்க முயலும் ஓட்டுநர் இவ்வளவைக் கண்ணால் அளந்துவிட முடியாது.

அதே மேகம் மின்னலையும் கொணர்கிறது. 2021ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 2,880 பேர் மின்னல் தாக்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டுள்ளது. மின்னலைக் கண்டபின் 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் விழுந்தது என்று பொருள். உழவர் வயலை விட்டு உறுதியான கட்டடத்திற்குள் செல்ல வேண்டிய வேளை அது. தனி மரத்தடி புகலிடமாகாது. கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வருதல் வேண்டும்; மழை விட்டதும் நடவுக்குத் திரும்பும் அவசரத்தில் இந்த அரைமணி நேரந்தான் பெரும்பாலும் கைவிடப்படுகிறது.