அப்பாவின் காலும் அடைத்த குழாயும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. உங்களில் பலரைப் போல மெக்கானிக்கல் என்ஜினியர். தினமும் குழாயும் பம்பும்தான். ஆனால் வீட்டிலேயே ஒரு குழாய் அடைத்தது என் கண்ணில் படவில்லை.

அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். நாற்பது வருஷப் பீடி. பெரம்பலூர் நாலு ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நின்றால் இரண்டு நிமிஷத்தில் சரியாகும். நடந்தால் மறுபடி வரும். "நரம்பு இழுக்குதுடா தம்பி" என்பார். "வயசாச்சுல்லப்பா, தைலம் தேய்ங்க" என்றேன். ஆறு மாசம் போனது. ஒருநாள் பார்த்தால் இடது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. ராத்திரி வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டபடியே படுத்திருப்பார்.

திருச்சியில் சர்ஜன் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார். கையில் 150, கணுக்காலில் 60. வகுத்தால் 0.4. இது 0.9-க்குக் கீழே போனாலே அடைப்பைச் சந்தேகப்பட வேண்டுமாம். நாம் படித்த கணக்குதானே! குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதபோது, ஓட்டம் 16-ல் ஒரு பங்கு. பரீட்சையில் எழுதினேன், அப்பாவுக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

சின்ன அடைப்பென்றால் பலூன் வைத்தே விரிக்கலாமாம். அப்பாவுக்குத் தொடை நெடுக அடைப்பு, அதனால் பைபாஸ். அவர் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து, தொடை இடுக்கிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை இணைத்தார்கள். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இதயத்தை நோக்கித்தான் திறக்கும். ஆகவே தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்கள். நான்-ரிட்டர்ன் வால்வை அம்புக்குறி பார்த்து மாட்டுகிறோமே, அதே வேலை. 1948-ல் பாரிஸில் ழான் குன்லின் என்ற சர்ஜன் செய்துகாட்டிய முறை இது. நல்ல சிரை இல்லாதவர்களுக்குச் செயற்கைக் குழாய் உண்டு; ஆனால் முழங்காலுக்குக் கீழே அது சிரை அளவுக்கு உழைப்பதில்லை. அடைப்பு வயிற்றுக்குள் என்றால் மகாதமனியிலிருந்து இரண்டு தொடைக்கும் ஒய் வடிவ டாக்ரான் குழாய். வயிற்றைத் திறப்பதைத் தாங்காத உடம்பென்றால், தோளுக்குக் கீழிருந்து தோலுக்கடியிலேயே தொடைவரை குழாய் இறக்குவார்களாம்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, "சிமெண்ட் லாரி ஊருக்குள்ள வராம சுத்திப் போற மாதிரியாடா?" என்று அவரே முடித்துவிட்டார்.

சுண்டுவிரல் போய்விட்டது. கால் தப்பியது. பீடியை விடாவிட்டால் புதுக் குழாயும் அடைக்கும் என்று சர்ஜன் சொன்னதற்கு ஒரு மாசம் முறைத்துக்கொண்டிருந்தார்; பிறகு விட்டார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நின்று நின்று நடந்தால், பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பாருங்கள். சிக்கவில்லையென்றால் தைலக் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அப்பா இப்போது நாலு ரோடு வரை போய்த்தான் டீ குடிக்கிறார். வீட்டு டீ பிடிக்கவில்லையாம்.