பாலைவனப் பெருவழிகளும் ஜீவராசிகளின் சம்ரட்சணையும்



இம்மாநாட்டின் தலைமைப் பொறுப்பை என்பால் ஒப்புவித்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி உரியது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கிலே விரிந்து கிடக்கும் மொஹாவே, சொனோரா என்னும் இரு பாலைவனங்களில் பெருவழிகள் அமைக்கும்போது, அங்குள்ள பிராணிகளையும் செடிகொடிகளையும் காப்பதற்குக் கையாளப்பட்டு வரும் முறைகளை முன்னிறுத்தியே பேச விரும்புகிறேன். ஏனெனில், இத்துறையில் பல்லாண்டுகளாகச் செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட அனுபவம் அங்கே மிகுதியாகச் சேர்ந்திருக்கிறது.

பாலைவனம் வெறும் பொட்டல்தானே, அதன் நடுவே ஒரு சாலை போனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எண்ணுவோர் இன்றும் இருக்கின்றனர். 1942-ஆம் ஆண்டில் தளபதி பாட்டன் அப்பிரதேசத்தில் தொடங்கிய படைப்பயிற்சிக் களம் 1944-லேயே மூடப்பட்டுவிட்டது; ஆயினும் அக்காலத்து டாங்கிகள் உழுதுசென்ற தடங்களை இன்றும் பல இடங்களில் காணலாம். நுண்பாசிகளும் லைக்கன்களும் மணற்றுகள்களைப் பிணைத்து உண்டாக்கிய மெல்லிய மேலோடு ஒருமுறை நசுங்கிப்போனால், மழை அருகிய அந்நிலத்தில் அது மறுபடியும் கூடிவரப் பல பத்தாண்டுகள் செல்லும். சாலை போடுகிறவர்களுக்குக் கிடைக்கும் அவகாசமோ இரண்டு மூன்று ஆண்டுகள். பாலைவனத்தின் இந்தக் காலக்கணக்கை ஒப்பந்தப் பத்திரத்துக்குள்ளேயே கொண்டுவந்து எழுதினாலன்றி, எவ்வளவு நல்லெண்ணம் இருந்தும் பயன் விளையாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பாலைவன ஆமையை எடுத்துக்கொள்வோம். மொஹாவேப் பகுதியில் வாழும் இவ்வாமை 1990-ஆம் ஆண்டில் சட்டப்படி பாதுகாப்புக்குரிய பிராணியாக அறிவிக்கப்பட்டது. தன் ஆயுளின் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கும் அது, என்றோ பெய்த மழையில் குடித்த நீரைத் தன் மூத்திரப்பையில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உயிர் தாங்குகிறது. யாரேனும் திடீரெனத் தூக்கினால், அச்சத்தால் அந்நீர் முழுவதையும் கழித்துவிட்டு, அடுத்த மழை வருமுன் தாகத்தால் மடியவும் கூடும். ஆகவேதான் பயிற்சி பெற்ற உயிரியலாளர் தவிர வேறெவரும் அதைத் தொடலாகாது என்றும், காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்டால் அவர்களுங்கூடத் தொடலாகாது என்றும் விதி செய்திருக்கிறார்கள். நிறுத்தி வைத்த லாரியின் நிழலைக் கண்டால் ஆமை அதனடியில் வந்து படுத்துக்கொள்ளும். எனவே வண்டியை எடுக்குமுன் ஓட்டுநர் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்த்தாக வேண்டும். தொழிலாளர் உண்டு எறிந்த மிச்சத்துக்கு அண்டங்காக்கைகள் கூடுகின்றன. கூடியவை, ஓடு இன்னும் கெட்டிப்படாத ஆமைக்குஞ்சுகளைக் கொத்தித் தின்கின்றன. ஆதலால் சாப்பாட்டுக் குப்பைக்கு மூடியிட்ட தொட்டி வைப்பதும் அங்கே சம்ரட்சணைக் காரியமே. தரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டடியும் தரைக்குள் ஓரடியுமாகச் சாலையோரம் நெடுக அமைத்த கம்பிவலை வேலி, ஆமைகளைச் சாலைக்கு அடியில் செல்லும் மதகுகளின் பக்கம் திருப்பிவிடுகிறது. கலிபோர்னியாவின் 58-ஆம் எண் நெடுஞ்சாலையில் இவ்வேலி எழுந்தபின் வண்டியில் அடிபட்டு இறந்த ஆமைகள் மிகக் குறைந்தன. மதகுகளின் வழியே அவை சாலையைக் கடந்து சென்றதும் ஆராய்ச்சியில் உறுதிப்பட்டது. ஆயினும், அகப்பட்ட ஆமைகளையெல்லாம் வேறிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவதே பரிகாரம் என்று கருதிவிடலாகாது. 2008-ல் ஓர் இராணுவத் தளத்தின் விஸ்தரிப்புக்காக அவ்வாறு குடிபெயர்க்கப்பட்டவற்றுள் பல, வறட்சிக் காலத்தில் கொயோட்டிகளுக்கு இரையாயின.

தாவரங்களின் நிலை இதினும் நுட்பமானது. சொனோராவின் சகுவாரோக் கள்ளி முதல் எட்டாண்டுகளில் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோதான் உயர்கிறது; கிளை விடுவதற்கு 50 ஆண்டுகளேனும் ஆகும். அதை வேரோடு பெயர்த்து வேறிடம் நடுவோர், தென்திசையைப் பார்த்திருந்த பக்கத்தில் முன்னதாகவே அடையாளமிட்டு, நடும்போதும் அப்பக்கம் தெற்கு நோக்கியே இருக்கும்படி நிறுத்துகிறார்கள்; வெயிலில் உரம் ஏறாத பக்கம் திடீரெனத் தெற்கே திரும்பினால் அதன் தோல் வெந்துவிடுமாம். சொந்தக் குழந்தையை இடுப்பு மாற்றும் தாயின் பக்குவம் அது. மேல்மண்ணையும் இவ்வாறே பேண வேண்டும். விதைகள் உறங்குவது மேலே உள்ள சில அங்குலங்களில்தான். அதைத் தனியே வழித்தெடுத்துத் தாழ்ந்த குவியல்களாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புவதற்குச் செலவு பெரிதன்று. வேலை தொடங்குமுன் நினைவு வர வேண்டும், அவ்வளவே. இயந்திரங்களைக் கழுவிய பின்னரே களத்துக்குள் விடுவதும் அத்தகையது. சக்கரத்தில் ஒட்டிவந்த அயல்நாட்டுப் புல் முளைத்துக் காய்ந்தால், பெரும்பாலும் தீயே அறியாத நிலத்துக்குத் தீ வந்து சேர்கிறது.

அரிசோனாவில் 93-ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது நிகழ்ந்ததைப் பொறியியல் நண்பர்கள் கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். அங்குள்ள பெருங்கொம்புக் காட்டாடுகள் பள்ளங்களை அஞ்சி மலைமுகடு வழியாகவே நடமாடும் இயல்புடையவை. அம்மாநில வனவிலங்குத் துறையினர் அவற்றின் கழுத்தில் இடமறி கருவிகளைப் பூட்டி, அவை சாலையை எங்கெங்கே அணுகுகின்றன என்பதைக் குறித்துக் கொடுத்தனர். 2011-ல் மூன்று மேம்பாலங்கள் அந்த முகடுகளை இணைத்து எழுந்தன. ஆடுகளும் அவற்றைத் தம் வழியாக ஏற்றுக்கொண்டன. பாலத்தின் இடத்தைத் தீர்மானித்தவை உண்மையில் அந்த ஆடுகளே. வரைபடம் தீட்டிய பிறகு உயிரியலாளரை அழைத்திருந்தால், அவர் செய்யத்தக்கது என்ன இருந்திருக்கும்?

இனி, இந்த அமர்வுகளில் கட்டுரை வாசிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை செடிகளைப் பெயர்த்து நட்டோம், எத்தனை மைல் வேலி இட்டோம் என்ற கணக்கோடு நின்றுவிடாமல், ஒப்பந்தக்காரர் கணக்கு முடித்துச் சென்ற பின் அச்செடிகளுக்கு யார் நீர் வார்த்தார்கள், பெருமழையில் அரித்துப்போன வேலியின் அடியை யார் எந்தப் பணத்தில் அடைத்தார்கள் என்பதையும் தயவுசெய்து கூறுங்கள். அதற்கான நிதியை மூல மதிப்பீட்டிலேயே சேர்ப்பது எவ்வாறு என்பது குறித்து ஒரு தீர்மானம் உருவாகும் வரையில் நாளை மாலை அமர்வை நீட்டிக்கவும் நான் சித்தமாயிருக்கிறேன். மாநாடு தொடங்குகிறது, மேல்மண் பற்றிய முதற் கட்டுரையை வாசிக்குமாறு அதன் ஆசிரியரை அழைக்கிறேன்.