கும்பிடுபூச்சி பார்க்கும் கலை



விடியற்காலையில் இருநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களை இப்போது ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அந்த அளவுக்குக் கூட்டம் சேராத, ஆனால் அதற்குச் சற்றும் இளைக்காத ஒரு பழக்கத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். வீட்டுத் தோட்டத்தில் கும்பிடுபூச்சியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அது. இதற்கு ஏரியும் வேண்டாம், இருநோக்கியும் வேண்டாம். ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, நாலைந்து துளசித் தொட்டி இருந்தால் மொட்டை மாடியே போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் தாராளமாக வேண்டும்.

ஏனென்றால் இந்தப் பூச்சியின் பிழைப்பே கண்ணில் படாமல் இருப்பதில்தான் இருக்கிறது. உலகில் ஏறத்தாழ 2,400 வகைக் கும்பிடுபூச்சிகள் உண்டு. நம் தோட்டங்களில் அதிகம் காணக்கூடியது விரல் நீளத்துக்கு வளரும் பச்சை நிற வகை. சிறகை மடக்கி இலைகளுக்கு நடுவே நின்றுவிட்டால் அதுவும் ஓர் இலைதான். அதன் மேல்சிறகில் இருக்கும் சிறிய வெண்புள்ளி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். மரப்பட்டையில் வாழும் இன்னொரு வகை தட்டையாக, சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருக்கும். நீங்கள் வேம்பின் இந்தப் பக்கம் போனால் அது அந்தப் பக்கம் நழுவிவிடும். பூக்களில் பதுங்கும் வகை ஒன்று சிறகில் கண் வரைந்தது போன்ற வட்டத்தோடு திரிகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட முட்புதர்களில் வாழும் வயலின் கும்பிடுபூச்சியோ காய்ந்த சருகேதான். ஆகவே தேடுகிறவர் முதலில் செடியைப் படிக்க வேண்டும். எந்த இலை எந்தக் கோணத்தில் நிற்கும் என்று தெரிந்தவருக்குத்தான் இலையாக நடிப்பது எது என்று தெரியும்.

பழகியவர்கள் பூச்சியைத் தேடுவதற்கு முன்னால் தடயத்தைத் தேடுவார்கள். செடியின் அடியில், தரையில், பட்டாம்பூச்சியின் சிறகு மட்டும் தனியாகக் கிடக்கிறதா? அப்படியே தலையை நிமிர்த்திப் பாருங்கள். இரையின் உடலைத் தின்றுவிட்டுச் சிறகைக் கீழே போடுவது இதன் வழக்கம். அடுத்த தடயம் நிழல். காலை வெயில் இலைக்கு மேலே விழும்போது கீழே குனிந்து பார்த்தால், இலையோடு ஒட்டியிருக்கும் உடலும் மடக்கிய முன்கால்களும் கோட்டோவியமாகத் தெரியும். மூன்றாவது, அசைவு. காற்றில் இலையாடும்போது கும்பிடுபூச்சியும் கூடவே ஆடும். காற்று நின்ற பிறகும் ஓர் இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரவில் டார்ச் விளக்கோடு தேடுவது தனிச் சுவை. பகலில் பச்சையாக இருந்த அதே கண்கள் இரவில் கறுத்துப்போயிருக்கும். மங்கிய வெளிச்சத்திலும் பார்ப்பதற்காகக் கண்ணுக்குள் இருக்கும் நிறமிகள் இடம் மாறுவதால் வரும் மாற்றம் அது. வாசல் விளக்குக்குப் பறந்து வருபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்ணுக்கு வயிறு கனம், பறப்பது அபூர்வம். இரவில் பறக்கும் ஆணுக்கு வௌவால் பயம் உண்டு. அதற்கென்றே பல வகைகளில், நெஞ்சின் அடியில் கால்களுக்கு நடுவே ஒரே ஒரு காது அமைந்திருக்கிறது. நமக்குக் கேட்காத வௌவாலின் ஒலி அதற்குக் கேட்கும். கேட்டதும் பறக்கிற பாதையை மாற்றிக் கீழே பாயும்.

கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அடி தள்ளி உட்காருங்கள். முக்கோணத் தலையைத் திருப்பி அது உங்களைப் பார்க்கும். கண்ணில் ஒரு கரும்புள்ளி தெரியும். நீங்கள் இடம் போனால் புள்ளியும் இடம் வரும், வலம் போனால் வலம். உண்மையில் அது கண்மணி இல்லை. கூட்டுக்கண்ணின் ஆயிரக்கணக்கான சிறு கண்களில், உங்களை நேராக நோக்குபவை மட்டும் ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கண்களுக்கு தூரத்தை அளக்கவும் தெரியும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் கும்பிடுபூச்சிக்கு தேன்மெழுகால் குட்டிக் கண்ணாடி ஒட்டி, முப்பரிமாணப் படம் காட்டிச் சோதித்தார்கள். இரை எட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியபோது பூச்சி திரையை நோக்கி முன்காலை வீசியது.

துளசிப் பூவுக்கு ஒரு தேனீ வருகிறது. பூச்சி நகரவில்லை, தலை மட்டும் மெல்லத் திரும்புகிறது. அடுத்த கணம் தேனீ முட்கால்களுக்கு நடுவே இருக்கிறது. கண் சிமிட்டியவர் பார்த்திருக்க மாட்டார். தின்று முடித்ததும் முன்கால்களை ஒவ்வொரு முள்ளாக வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டு மறுபடியும் கும்பிட ஆரம்பிக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கும்பிடுபூச்சியை உழவனின் நண்பன் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். அது புழுவையும் தின்னும், மகரந்தம் சேர்க்கும் தேனீயையும் தின்னும், தன் இனத்தையும் தின்னும். தளிரை உறிஞ்சும் அசுவினியை வளர்ந்த பூச்சி பெரும்பாலும் சீண்டுவதில்லை. கூலிக்கு வைத்த காவல்காரனாக அதை எடைபோட்டால் ஏமாந்துதான் போவோம். அது தங்கியிருப்பதே நமக்கு ஒரு நற்சான்று. தின்ன விதவிதமான பூச்சி இருக்கிறது, நஞ்சு தெளிக்கவில்லை என்று பொருள்.

இந்தக் கலையில் ஒரு கெட்ட பழக்கமும் நுழைந்திருக்கிறது. படம் அழகாக வர வேண்டும் என்று பூச்சியைப் பிடித்து ரோஜாவின் மேல் உட்கார வைக்கிறார்கள். பச்சை இலைக்கென்று அமைந்த உடலைச் சிவப்புப் பூவில் வைத்தால் கரிச்சானுக்கும் ஓணானுக்கும் விருந்து வைத்தது போலத்தான். நின்ற இடத்திலேயே கண்டுகொள்வதுதான் திறமை. எடுத்து வைத்துப் படம் பிடிப்பதில் தேடலும் இல்லை, தேர்ச்சியும் இல்லை.

நேயர்களே, செடியைக் கவாத்து செய்யும்போது குச்சியில் நுரை இறுகியது போல ஒரு பழுப்பு நிறக் கட்டி ஒட்டியிருந்தால் அதை வெட்டிப் போடாதீர்கள். அது கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. பெரிய வகையின் கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வரலாம். அவற்றில் வளர்ந்து ஆளாவது மிகச் சிலவே. அந்தக் குச்சியை விட்டுவையுங்கள், மருந்து தெளிப்பானை ஓரமாக வையுங்கள், நாளைக் காலை தண்ணீர் ஊற்றப் போகும்போது பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.